தலைமை விருந்தினருக்கு முதற்பழம்

கதிர்காமநாதன் ஏழாம் பக்கத்தைத் திருப்பியபோது மணி பன்னிரண்டரை. கையில் இன்னும் பதினாறு பக்கம் இருந்தது.

முல்லைத்தீவுக் கடற்கரை. பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய கதிரைகளில் பதினொரு ஜெர்மன்காரர் வரிசையாக வெந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் வந்தது கடல் பார்க்க. கடல் அவர்களுடைய முதுகுப் பக்கம் இருந்தது. கதிரைகளை அப்படிப் போடச் சொன்னவர் கதிர்காமநாதன்தான். கடலைப் பார்த்தபடி பேசினால்தான் அவருக்குச் சொல் வருமாம்.

அவர் யாழ்ப்பாணத்தில் வேலையிலிருந்து இளைப்பாறிய கல்வி அதிகாரி. வன்னியின் காடு, கரை, கறி மூன்றையும் பற்றி உல்லாசப் பயணிகளுக்கென்று ஒரு கைநூல் எழுதியிருந்தார். முழுவதும் வீட்டு விறாந்தையில், மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதியது. இன்று அதைச் சுருக்கி வாசிக்கிறார். சுருக்கியதுதான் இருபத்துமூன்று பக்கம்.

வாசித்தது ஆங்கிலத்தில். வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவர் நித்திரை.

பக்கத்து ஓலைக்கொட்டிலுக்குள் வடிவம்மா கறிச்சட்டியை நாலாம் தடவை திறந்து மூடினாள்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்தவள். ஐந்து வருடமாக அடுத்தவர் வயலில் கூலி. இன்றுதான் முதன்முதலாகத் தன் கொட்டிலில், தன் கையால், வந்தவர்களுக்குச் சமைத்திருக்கிறாள். சிவப்பரிசிச் சோறு, நண்டுக்கறி, முருங்கையிலை வறை.

வான் சாரதி இளையதம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டான். இந்தக் கூட்டம் வயிறாரச் சாப்பிட்டால், இனி வாராவாரம் வான் இங்கேதான் நிற்கும். சாப்பிடாமல் போனால் வேறு கொட்டில். இருட்டுமுன் அநுராதபுரம் போயாகவேண்டும்; ஒரு மணிக்கு இலை விழாவிட்டால் வான் வெளிக்கிட்டுவிடும்.

தலைமை விருந்தினர் பேசி முடியாமல் இலை போடுகிற வழக்கம் இந்த நாட்டில் இல்லை.

இளையதம்பி கொட்டிலுக்குள் தலையை நீட்டினான்.

“வடிவம்மாக்கா, மனுசன் இப்பதான் சிப்பிக்கு வந்திருக்கிறார். இன்னும் சுறா, திமிங்கிலம் எல்லாம் கிடக்கு.”

“நண்டு ஆறிப்போச்சு தம்பி. நீங்க போயி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நானோ? போன கிழமை காட்டுறோட்டிலை யானைக்கு ஹோர்ன் அடிச்சனான். அது விலகினது. இவர் விலகார்.”

அப்போதுதான் கடைசிக் கதிரையிலிருந்து பத்மாசனி எழுந்து வந்தார். கதிர்காமநாதனின் மனைவி. கணவருடைய பேச்சுகளுக்கு முப்பது வருடமாகக் கடைசிக் கதிரையில் இருப்பவர்.

கொட்டில் மூலையில் ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பாலைப்பழம் இருந்தது. சின்னச் சின்ன மஞ்சள் பழம். காட்டுக்கு விறகுக்குப் போனவர்கள் காலையில் கொண்டுவந்து தந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைக்காரருக்குக் கொடுக்கலாமென்று வடிவம்மா வைத்திருந்தாள். அவள் இன்னும் ஒன்றுகூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை.

“இதை இப்பவே அவருக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ பிள்ளை,” என்றார் பத்மாசனி. “பாவம், பசி தாங்கமாட்டார்.”

“ஐயாவுக்கு மட்டுமாங்க?”

“முதல்லை அவருக்கு. அவருக்கு எல்லாம் முதல்லை வரவேணும்.”

பாலைப்பழம் பற்றிக் கைநூலில் இரண்டு பக்கம் இருந்தது. அமுதத்தின் தங்கை என்று எழுதியிருந்தார். தங்கையை நேரில் சந்தித்தது இன்றுதான்.

வடிவம்மா கொண்டுவந்து கொடுத்த பெட்டியிலிருந்து ஒரு பழத்தை உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினார். தின்றார். கண்ணை மூடினார். பிறகு பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. ஒரு வசனம், ஒரு கைப்பிடி. ஒரு வசனம், ஒரு கைப்பிடி.

ஒன்பதாம் பக்கத்தில் பேச்சு கொஞ்சம் மெதுவானது.

பத்தாம் பக்கத்தில் மேலுதடும் கீழுதடும் சந்தித்தன. சந்தித்தவை பிரியவில்லை.

கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையும் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்துவிட்டு, மூக்கால் ஒரு வசனம் சொல்லிப் பார்த்தார். சோளகக் காற்று அதையும் கொண்டுபோயிற்று.

பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து ஜெர்மன்காரர் கைதட்டினார்கள். நித்திரையில் இருந்தவர் எழும்பி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க இலை விழுந்தது.

ஜெர்மன்காரர் முதல் வேலையாகக் கதிரைகளைக் கடல் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் வேலையாக நண்டை உடைத்தார்கள். உறைப்பில் மூக்கு வடிய வடிய இரண்டாம் முறையும் சோறு கேட்டார்கள். இளையதம்பியும் ஓர் இலைக்கு முன்னால் குந்திவிட்டான். ஆகவே வான் ஒரு மணிக்கு வெளிக்கிடவில்லை.

“வாற கிழமை பதினைஞ்சு பேர் வருவினம் அக்கா,” என்றான், நண்டுக்காலை உறிஞ்சியபடி. வடிவம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். அடுப்பில் நெருப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

சாப்பிட்டு எழும்பிய ஒரு வெள்ளைக்காரி மிச்சமிருந்த பாலைப்பழத்தைக் கைகாட்டினாள்.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்று அவளுக்கு விளங்காத தமிழில் சொல்லிவிட்டு, பத்மாசனி கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னப் போத்தல் வந்தது. தேங்காயெண்ணெய். விரலில் தொட்டு, திருநீறு பூசுவதுபோல், வெள்ளைக்காரியின் உதட்டில் பூசினார். பின்னால் வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் பூசினார். பிறகுதான் பழத்தைக் கொடுத்தார்.

வடிவம்மா போத்தலைப் பார்த்தாள். பூவரச மரத்தடியில் உதட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த கதிர்காமநாதனைப் பார்த்தாள்.

“பூசாமல் திண்டால் பழத்துப் பால் உதட்டிலை ஒட்டிப் பிடிச்சிடும்,” என்றார் பத்மாசனி. “நான் இங்கை பக்கத்து ஊர், தண்ணீரூற்றிலை பிறந்தனான் பிள்ளை. இதைத் திண்டுதான் வளந்தனான்.”

“அப்ப, ஐயாவுக்கும் கொஞ்சம் பூசி விடுங்களேன்.”

பத்மாசனி போத்தலை இறுக்கி மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

“ஐஞ்சு மணிக்கு வவுனியாவிலையும் அவருக்குப் பேச்சிருக்கு. அங்கையும் ஒருத்தி சமைச்சு வைச்சிருப்பாள்.”