கைமாறாத கட்டை

மிக்கேல் பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டிக்கு ஓடி வந்து தொடரோட்டக் கட்டையை நீட்டியபோது, வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

அடுத்து ஓட வேண்டிய கௌதம் நிற்கிற சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஒரு நாய் படுத்திருந்தது.

மிக்கேல் குனிந்து மூச்சு வாங்கினான். நிமிர்ந்து கடலைப் பார்த்தான். எதிர்க்கரையில், சாத்தத்தில், முதல் ஃபெரி கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. நடுவே சென்னைக் கப்பல், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அசைந்து அசைந்து ஹேடோ துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பல் உள்ளே வரும்போது ஃபெரியை நிறுத்தி வைப்பார்கள். இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஹேடோவில் சரக்கு இறக்குகிற மிக்கேலுக்குத் தெரியாதா? எந்தக் கப்பல் என்றைக்கு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஓட்டத்துக்காக லீவு போட்டவன், கப்பலும் தன்னோடு சேர்ந்து லீவு போட்டுவிட்டதாக நினைத்துவிட்டான். கடைசிக் கட்டம் உன்னுடையது, ராத்திரி வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து முதல் ஃபெரியில் வந்தால் போதும் என்று கௌதமிடம் சொன்னதே அவன்தான்.

ஓட்டமே கொஞ்சம் கிறுக்குத்தனமானது. சாத்தத்தில் ஃபெரி ஏறினால் ஒரு டீ ஆறுவதற்குள் பாம்பூஃப்ளாட் வந்துவிடும். அந்த இடத்துக்கு, கடலைச் சுற்றிக்கொண்டு, ஃபெரார்கஞ்ச் வழியாக, ராத்திரி முழுக்க ஆள் மாற்றி ஆள் ஓடி வருவார்கள். அங்கிருந்து ஹோப் டவுன் வரைக்கும் கடைசி ஆள். வீட்டுப் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் வருஷா வருஷம் ஓடுகிறார்கள்.

கோட்டுக்கு இரண்டடி தள்ளிப் பெரியதம்பி அண்ணன் நின்றிருந்தார். கைலியும் சட்டையும். கையில் பாட்டில், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இந்த அணியைச் சேர்த்தவரே அவர்தான். போன வருஷம் கடைசிக் கட்டத்தில் அவரை மூன்று அணிகள் தாண்டிப் போய்விட்டன. இந்த வருஷம் மிக்கேல் கேப்டன் ஆனதும் முதல் வேலையாக அவர் இடத்தில் கௌதமைப் போட்டான்.

முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. ஐம்பது தாண்டியவர்களை இந்த வருஷம் எடுப்பதில்லையாம் அண்ணே, புது ரூல், என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டான். அவர் "அப்படியா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. சுலபமாக முடிந்துவிட்டது என்று அன்றைக்கு மிக்கேலுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பொழுது விடிந்துவிட்டது. அந்தமானில் சூரியனுக்கு எப்போதும் அவசரம். இரண்டாவதாக வந்து சேர்ந்தவன் மிக்கேல். மூன்றாவது அணிக்காரன் வளைவில் தெரிந்தான்.

கொடி பிடித்திருந்த வங்காளிப் பெண் அருகில் வந்தாள். ஓடி முடித்தவர் மறுபடி ஓடக் கூடாது, ஆனால் உங்கள் ஆட்களில் வேறு யார் இருந்தாலும் அனுப்பலாம், யாராவது இருக்கிறார்களா என்று இந்தியில் கேட்டாள்.

கட்டையை அண்ணன் கையில் கொடுத்தால் போதும். மெதுவாகப் போனாலும் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் இந்தப் பெண் அவர் வயதைக் கேட்கப் போவதில்லை. கொடியை அசைத்து அனுப்பிவிடுவாள். அந்த நிமிஷமே அவன் சொன்ன பொய் அம்பலமாகிவிடும்.

"நஹி மேடம், கோயி நஹி ஹை," என்றான். யாருமில்லை.

இந்தத் தீவில் இந்தி புரியாதவர் யார் இருக்கிறார்கள்? அண்ணன் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது அணி போனது. நான்காவது போனது. அதற்குப் பிறகு மிக்கேல் எண்ணவில்லை. வியர்வையில் கட்டை வழுக்கியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஒருவழியாக ஃபெரி வந்தது. கயிறு கட்டுமுன்னே கௌதம் குதித்தான், கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பாவம், நல்ல ஓட்டம்தான். முந்துவதற்குத்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாருமில்லை.

அண்ணன் பாட்டிலை நீட்டினார். மிக்கேல் வாங்கிக் குடித்தான். அவர் ஜெட்டிப் படியில் உட்கார்ந்து கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றினார்.

அப்போதுதான் மிக்கேல் அவர் கால்களைப் பார்த்தான்.

ஷூ போட்டிருந்தார். துவைத்துக் காயவைத்த பழைய ஷூ. லேஸ் அவிழாமலிருக்க இரட்டை முடிச்சு. கைலிக்கு உள்ளே போன வருஷத்து ஓட்டக் கால்சட்டை. முதல் ஃபெரியே இப்போதுதான் வந்திருக்கிறது; அப்படியென்றால் நேற்றுக் கடைசி ஃபெரியிலேயே வந்து ஜெட்டியில் படுத்திருக்கிறார்.

"வயசு ரூலெல்லாம் ஒண்ணுமில்லன்னு நான் அன்னைக்கே விசாரிச்சிட்டேன் மிக்கேலு," என்றார், முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. "ஒரு ஆள் கொறஞ்சா நீயே கூப்பிடுவன்னுதான் நின்னேன்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம் என்று மிக்கேலுக்கு இருந்தது. அண்ணே, உங்களால் முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? திட்டியிருப்பார், சிரித்திருப்பார், இரண்டு நாளில் சரியாகியிருக்கும்.

அவர் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஃபெரியில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில் பையை வைத்து, இவனுக்காகப் பிடித்துக்கொண்டார்.

ஒரு டீ ஆறும் நேரம்தான்.

மிக்கேல் ஜெட்டியை விட்டு வெளியே வந்து, ஃபெரார்கஞ்ச் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறினான்.