மருந்து கிடைக்காத சூசை

"அதை மொதல்ல அணைச்சுப் போடுட்டி..."

"மெல்லப் பேசுங்க, அவரு காதுல விழும்..."

"எவரு காதுல? ஒம் புருசன் நான்தானட்டி இங்க உக்காந்து சீலாமீன் தின்னுக்கிட்டிருக்கேன்!"

"தின்னக் குடுத்து வச்சது நீங்க. அவருக்குக் கஞ்சியே இறங்கல."

பிலோமினா அடுப்படிக்கும் கூடத்துத் திரைக்குமாக அல்லாடினாள். அவள் புருசன் சூசையின் வயிற்றுப் புற்றுக்குப் புது மருந்தைச் சோதிக்கும் ஆஸ்பத்திரி, தன்னைச் சூசை என்றே நம்பும் ஒரு கணினி நகலை அந்தத் திரையில் போட்டுத் தந்திருந்தது. நோவும் அதற்கு உண்டு. மருந்து சூசைக்கு, மருந்து என்ற பேரில் வெறும் உப்புத் தண்ணீர் நகலுக்கு. இருவரையும் ஒப்பிட்டால்தான் மருந்தின் குணம் தெரியுமாம். இதை நகலிடம் மூச்சு விடக் கூடாது. வீட்டார் தினமும் அதனுடன் பேசி வந்தால் போதும்.

சூசைக்குக் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. நகல் வற்றிக்கொண்டே போனது. பிலோமினா அதற்காகவும் ஒரு செபமாலை சொன்னாள்; அதுதான் சூசைக்குப் பொறுக்கவில்லை.

"செத்தா சாகட்டும், அது நான் இல்ல!" என்று கத்தினார்.

திரையில் கண்கள் மெல்லத் திறந்தன.

"பிலோமி, என் குரல்ல யாருட்டி பேசுறது? அவனுக்கு மருந்து கேட்டிருச்சா?"