தூண் தலையில் விட்ட கம்பி

பிற்பாடு மாடி எடுக்க வசதியாக, மூலைத் தூணின் தலையில் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார்கள். துருப்பிடிக்காமல் இருக்கச் சிமென்ட் பால் பூசிவிடட்டுமா என்று கொத்தனார் கேட்டார்.

"அடுத்த வருஷமே மாடி எடுக்கப்போறோம். எதுக்கு வீண் வேலை?" என்றார் வீட்டுக்காரர் தேவசகாயம்.

ஓரத்துக் கம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டீங்களாண்ணே? அடுத்த வருஷமே!" என்றது தூணிடம்.

"வரட்டும் தம்பி. அதைத் தாங்கத்தானே என்னை இவ்வளவு கனமாப் போட்டிருக்காங்க."

பதினொரு மழைக்காலம் போயிற்று. கம்பியில் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். வேட்டியில் துருக்கறை பட்டதும் அந்தக் கொடியையும் அவிழ்த்துக்கொண்டார்கள்.

ஒருவழியாக இன்ஜினீயர் வந்தார். மேலே காங்கிரீட்டா, தகர ஷீட்டா என்று பேச்சு நடந்தது. 'காங்கிரீட்டுன்னு சொல்லுங்கய்யா' என்று கம்பி மனசுக்குள் கெஞ்சியது. அவர் நகத்தால் சுரண்டினார். அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இதை நம்பிக் காங்கிரீட் போட முடியாது. அறுத்துட்டு, ஷீட்டே போட்டுக்குங்க."

கம்பி பழைய இரும்பு வண்டியில் போனது. மறுவாரம் ஷீட் ஏறியது.

கீழே தூண் கேட்டது: "தம்பி, மாடி வந்துருச்சா? தலையில பாரமே தெரியலையே?"