வீட்டுக்கு ஒரு இடம்

பட்டியலில் தன் பெயருக்குப் பதிலாகச் சின்னவள் பெயரைப் பார்த்ததும் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கச் செலவில் மூன்று மாதப் பயிற்சி. முடித்தால் போட்டோ ஒட்டி முத்திரை குத்திய சர்டிபிகேட். வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் இடம்.

படுத்த படுக்கையான மாமியாரை ஆறு வருஷமாகத் திருப்பிப் போடுவது யார்? குளிப்பாட்டுவது யார்? பெரிய மருமகள். சின்ன மருமகளோ வாசற்படியில் நின்று, "அத்தை, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள். பதினைந்து வயது இளையவள். அப்ளிகேஷன் போட்டதைப் பற்றி மூச்சு விடவில்லை, அமுக்குணி.

கல்யாணமான மறுவருஷமே ஒரு பிள்ளை, அடுத்து இன்னொன்று, கை நிறையச் சம்பளம். எல்லாம் அவளுக்கே. பெரியவளுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. போகட்டும் என்று விட்டால், கடைசியில் இதுவுமா?

வேலைக்கு லீவு போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள் சின்னவள். தினமும் சாயங்காலம் வகுப்பில் கொடுத்த நீலக் கோட்டைக் கழற்றி அவள் ஆணியில் மாட்டும்போதெல்லாம் பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

"இன்னிக்கு என்ன, பொம்மையைக் குளிப்பாட்டினீங்களா?"

"இல்லக்கா. ஆள் படுத்திருக்கும்போதே பெட்ஷீட் மாத்தறது எப்படின்னு சொல்லிக்கொடுத்தாங்க. ஒரு பக்கமா சுருட்டி..."

"அதை நான் தூக்கத்துலயே மாத்துவேன்."

"தெரியும்க்கா" என்று சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் மாமியாருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, நேரே பயிற்சி நிலையத்துக்குப் போனாள் பெரியவள். பொறுப்பாளர் அம்மாள் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"என் ஓரகத்தி இங்கே படிக்கிறா. எங்க மாமியாரை அவ ஒரு நாள் தொட்டுத் தூக்கினதில்லை. பொய் சொல்லி இடம் வாங்கியிருக்கா."

"பொய் எதுவும் சொல்லலையே. மாமியாரைப் பார்த்துக்கிறது நீங்கதான்னு இண்டர்வியூல அவங்களே சொன்னாங்க."

பெரியவள் மேஜைக்கு இன்னும் அருகே நகர்ந்தாள்.

"அப்புறம் எதை வெச்சு அவளுக்குக் கொடுத்தீங்க? எனக்கில்ல கொடுத்திருக்கணும்?"

"உங்க அப்ளிகேஷனும் வந்தது." அம்மாள் பைலைப் புரட்டினார். "என்ன கத்துக்க விரும்பறீங்கன்னு கேட்டதுக்கு, 'எனக்கு எல்லாம் தெரியும், சர்டிபிகேட் மட்டும் போதும்'னு எழுதியிருக்கீங்க."

"உண்மையைத்தானே எழுதினேன்? ஆறு வருஷம் ஆச்சு. நல்லா செய்யறேன்னு ஒருத்தர் வாய் திறந்து சொன்னதில்ல. அந்தக் காகிதமாவது சொல்லட்டுமேன்னு பார்த்தேன்."

இதை வெளி ஆளிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. அதற்கும் சின்னவள் மேல்தான் கோபம் வந்தது.

"புகார் எழுதிக் கொடுத்தா விசாரிப்போம்மா. அவங்க இடம் போனாலும் போயிடும். யோசிச்சுக்குங்க."

"யோசிக்க என்ன இருக்கு? பேப்பர் கொடுங்க."

நின்றபடியே மளமளவென்று எழுதினாள். அம்மாள் சின்னவளின் அப்ளிகேஷனை அவள் பக்கம் தள்ளினார்.

"இதுல இருக்கிற நம்பரையும் மேலே எழுதிடுங்க."

நம்பரைத் தேடினாள். முதல் பக்கத்தில் இல்லை. புரட்டினாள். 'பயிற்சி முடித்த பின் யாரைப் பார்த்துக்கொள்வீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே சின்னவளின் கோணல் கையெழுத்து.

'என் ஓரகத்தியை. அத்தையைப் பார்த்துக்க அக்கா இருக்காங்க. வயசான காலத்துல அக்காவைப் பார்த்துக்க நான் மட்டும்தான் இருக்கேன்.'