மின்னாத இடம்

ஹேசல் பூசும் வெள்ளி வண்ணத்தில் எங்கோ ஓரிடம் கறுப்பாகவே நின்றுவிடுகிறது.

காலையிலிருந்து மூன்று முறை ஆகிவிட்டது. பொம்மை கட்டைவிரல் உயரம்தான். ஒரு படைத்தலைவன், பிடித்துக்கொள்ள வாகாக ஒரு தக்கையின்மேல் ஒட்டியிருந்தான். கவசம் முடிந்தது என்று நினைத்து அவள் கீழே வைப்பாள். கிளைவ் எடுத்துப் பார்த்து, தலைக்கவசத்துக்குப் பின்னால், அக்குளுக்குக் கீழே என்று விட்டுப்போன இடங்களைக் காட்டுவான்.

"இவன் சண்டைக்குப் போறவன் மாதிரியா இருக்கான்? சுரங்கத்துலேருந்து இப்பத்தான் ஏறி வந்தவன் மாதிரி இருக்கான்."

முறையில் பிழை இல்லை. உலோக வண்ணம் என்பது பசைநீரில் மிதக்கும் மிக நுண்ணிய தூள். சும்மா வைத்தால் அடியில் படிந்துவிடும். குப்பியை நன்றாகக் குலுக்கித்தான் திறந்தாள். பளபளப்பில்லாத கறுப்பை முதலில் பூசிக் காயவிட்டிருந்தாள். அதன்மேல்தான் வெள்ளி இரும்புபோல உட்காரும். தண்ணீர் அதிகமானால் தூள் திட்டுத்திட்டாகப் பிரியும், அதனால் ஒரு சொட்டுக்கு மேல் விடவில்லை. தூரிகை அலசும் கோப்பையைக்கூடத் தனியாக வைத்திருந்தாள், அந்தத் தூள் அடுத்தவரின் சிவப்பில் போய் மினுங்கக் கூடாதென்று.

எல்லாம் சரி. ஆனாலும் கறுப்பு விட்டுப்போகிறது.

மதியம் இதே கூடத்தில் நாட்டிங்ஹாம் பொம்மைப்போர் ஆட்டச் சங்கத்தின் வருடப் போட்டி. அவரவர் படைக்கு அவரவரே வண்ணம் பூச வேண்டும். பூசாத இடம் ஒரு பொட்டுத் தெரிந்தாலும் அந்தப் பொம்மை ஆட்ட மேசை ஏற முடியாது. ஹேசலின் மற்ற வீரர்கள் போன வருடமே தயார். தலைவன் புதியவன். அவன் இல்லாவிட்டால் அத்தனை பேரும் பெட்டிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

சோதித்து அனுப்புகிற செயலர் கிளைவ். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து மேசையில் அவளை எதிர்த்து ஆடுபவனும் அவன்தான்.

"குடு, நான் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"அப்போ இந்த வருஷம் ஆடாத. குடியா முழுகிடும்? டீ போட ஆள் வேணும்."

"நீயே போட்டுக் குடி. நான் ஆட வந்தவ."

கிளைவ் பெருமூச்சு விட்டான். தக்கையைப் பிடித்து, மேசை விளக்கின் அடியில், அவள் மூக்குக்கு நேராக நீட்டித் திருப்பினான்.

"நல்லாப் பாரு. இதோ. இங்க."

ஹேசல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாக்க மாட்டேன், போ என்பதுபோலச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கண்ணின் ஓரத்தில் ஏதோ பளிச்சென்றது. மறுபடியும் பளிச். பிறகு ஓர் இருட்டு. மறுபடியும் பளிச்.

"நிறுத்தாத. இன்னொரு தடவ சுத்து."

"என்னது?"

"சுத்துய்யா. மெதுவா."

சுற்றினான். அதே இடத்தில் அதே இருட்டு.

அவள் தக்கையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். தூரிகையை எடுத்தாள். முகம் இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது.

"செவுத்தப் பாத்துக்கிட்டு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"

"நான் அடிப்பேன்."

போன வசந்தத்திலிருந்து ஹேசல் எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது இனிப் போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சங்கத்தில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. கிளைவிடமும்தான். தலைவனை உற்று உற்றுப் பார்த்தாள். பார்த்த இடமெல்லாம் அந்த வட்டத்துக்குள் போய் மறைந்தது.

ஓரங்களில் பார்வை கெடவில்லை. ஓரப் பார்வைக்கு நுணுக்கம் போதாது. மினுக்கல் மட்டும் தப்பவே தப்பாது. வெள்ளித்தூள் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கண்ணாடி. பொம்மை சுழன்றால் அது விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். பளபளப்பில்லாத கறுப்பு அடிக்காது.

விளக்கை இடப்பக்கம் தள்ளினாள். சுவரைப் பார்த்துக்கொண்டே தலைவனை மெல்லச் சுழற்றினாள். மின்னாத இடம் வந்ததும் அதையொட்டிக் கட்டைவிரல் நகத்தை நிறுத்தினாள். நகத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே தூரிகையை இறக்கி வெள்ளியை வைத்தாள். மறுபடியும் சுழற்றினாள். அங்கேயும் மின்னியது.