எட்டாத ஏணி

நான் வரைந்த விண்கலத்தை நானே செய்துவிட்டேன் என்று விசாரிக்க ஆள் வந்தார். நான் அட்டைப்படம் வரைந்துகொடுத்த பதிப்பகம் மூடப்பட்டபோது அந்தப் படங்களை ஒரு நிறுவனம் உரிமையோடு மொத்தமாக வாங்கிக்கொண்டது. அவற்றைப் போன்ற பொருள் எந்த வீட்டில் இருந்தாலும் இப்போது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

கலம் சாப்பாட்டு மேசையில் நின்றது. உடம்பு ஷாம்பூ பாட்டில், இன்ஜின்கள் பேனா மூடிகள், ஏணி பல்குத்தும் குச்சிகள். நான்கு மாத வேலை.

அவர் தன் கருவியை அதன்மேல் ஓட்டினார்.

"மத்ததெல்லாம் எந்த ராக்கெட்லயும் இருக்கறதுதாம்மா. ஏணிதான் மாட்டி விடுது. கதவுக்கு எட்டாம பாதியில நிக்குது. படத்துலயும் அப்படியே."

"அது என் தப்புங்க. வரையறப்ப என் பொண்ணு மதிவதனி என் முழங்கையில இடிச்சுட்டா. அப்ப மூணு வயசு அவளுக்கு."

"அந்தத் தப்பும் கம்பெனி பேர்லதாம்மா பதிவாயிருக்கு." கொஞ்சம் இரங்கி, "ரெண்டு படி சேர்த்து ஒட்டிடுங்க. அப்புறம் இது உங்க கலம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

குச்சிகள் மிச்சம் இருந்தன. பசையும் இருந்தது. நான்காவது பிறந்தநாள்தான் மதிவதனிக்கு வரவே இல்லை.

கலத்தைத் தூக்கி அவரிடமே நீட்டினேன்.

"ஏணியைப் பிடிச்சுத் தூக்காதீங்க. உடைஞ்சிடும்."

"உடைக்கத்தாம்மா கொண்டு போறோம்" என்றார்.