நூத்தெண்பத்தாறாவது குழந்தை

"ஒரே ஒரு ஆளுக்காக இன்னும் எத்தனை மாசம்தான் தேடறது மேடம்?"

நர்ஸ் கேட்டேவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரிய டாக்டரம்மா கையில் இருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கிடைக்கிற வரைக்கும்மா. இருந்தா எங்கே இருக்கான், இல்லைன்னா ஏன் இல்லை. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்."

குழந்தைகளின் இதய ஆபரேஷனில் முப்பது வருஷம் கரைகண்டவர் டாக்டரம்மா. பிறக்கும்போதே பெரிய ரத்தக்குழாய் குறுகிப்போன பச்சைக்குழந்தைகளுக்கு, குறுகிய இடத்தை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க அவரே ஒரு முறை கண்டுபிடித்தார். அந்தத் தையலுக்கு அவர் பேரேதான். தையல் போட்ட நூற்று எண்பத்தாறு பேரும் வளர்ந்து எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது, ஓய்வு பெறும் முன் அவர் செய்யும் கடைசி ஆராய்ச்சி.

ஆட்களைத் தேடிப் பிடித்து வரவழைப்பது நர்ஸின் வேலை. சோதனை முடிவுகள் மூடிய உறையில் நேராக டாக்டரம்மா மேஜைக்குப் போய்விடும்.

நூற்று எண்பத்தைந்து பேர் வந்தாயிற்று. ஒருத்தன் மட்டும் நாலு மாசமாகப் போக்குக் காட்டினான்.

"நூத்துக்கு நூறு இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்றார் பதிவேட்டு அறைக்காரர். டாக்டரம்மாவுக்கு அவர் வைத்திருந்த பேர் அது. "ஒண்ணு குறைஞ்சா கௌரவம் என்னத்துக்கு ஆகும்! கைதட்டு வாங்கறது அவங்க, பழைய ஃபைலைத் தட்டித் தும்மறது நாம."

"சும்மா இருங்கண்ணே, காதுல விழப்போகுது."

சொன்னாளே தவிர, அவளுக்கும் அதே எரிச்சல்தான்.

"ஆளு உசிரோட இருக்கானோ என்னவோ" என்று அவர் முணுமுணுத்ததும் ஃபைலை மறுபடி எடுத்தாள்.

ஃபைலில் பேர் கிடையாது. பிறந்த எட்டாம் நாளே ஆபரேஷன். பேர் வைக்க யாருக்கு நேரம் இருந்தது? அம்மாவின் பேரைப் போட்டு, இன்னாருடைய குழந்தை என்று எழுதியிருந்தார்கள். ஆண். அப்பா பஸ் டிரைவர்.

டிப்போ டிப்போவாக விசாரித்து அந்த அப்பாவின் நம்பரைப் பிடித்திருந்தாள். பிடித்து என்ன பிரயோசனம்? 'உங்க பையன்...' என்று ஆரம்பித்தாலே வெட்டிவிடுவார்.

"எனக்குப் பையனே இல்லைங்க. வண்டி எடுக்கணும், வைங்க."

மூன்றாவது தடவை மனுஷனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏம்மா, நீ எத்தனை தடவை போன் போட்டாலும் எனக்குப் பையன் பிறக்கப் போறதில்லை!"

அன்றைக்கு வெறுத்துப்போய் ஃபைலின் கடைசித் தாள் வரை புரட்டினாள். ஆபரேஷனுக்கு முன்பு வார்டு நர்ஸ் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது: 'பூப்போட்ட கவுன் அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது.'

"அடக் கடவுளே!"

யாரோ அவசரத்தில் கட்டம் மாற்றி டிக் அடித்திருக்கிறார்கள். நாலு மாசமாக இல்லாத பையனைத் தேடியிருக்கிறாள்!

உடனே மறுபடி போன் போட்டாள்.

"ஐயா, வெச்சிடாதீங்க! உங்களுக்குப் பொண்ணு இருக்கா? இடது தோளுக்குக் கீழே, முதுகுல தழும்போட?"

மறுமுனையில் பஸ் இன்ஜின் உறுமல் நின்றது.

"இருக்கும்மா. ஏன், என் பொண்ணுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா, பயப்படாதீங்க. ஒரு ஆராய்ச்சிக்காக டாக்டரம்மா பார்க்கணுமாம்."

மறுநாள் காலையிலேயே அப்பாவும் பெண்ணும் வந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயசு. நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம். கழுத்தில் விசில் தொங்கியது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடியும் ஏறி வந்தாள்.

டாக்டரம்மா யாரையும் தொடவிடவில்லை. கையில் ரத்த அழுத்தம், பிறகு காலில் ரத்த அழுத்தம், எல்லாம் அவரே பார்த்தார். ஸ்கேன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன டாக்டர், என்னைவிட நீங்க பயந்திருக்கீங்க போல. ஒரு விசில் ஊதட்டுமா?" என்றாள் பெண்.

"பேசாம படு."

ஸ்கேன் முடிந்தது. டாக்டரம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு மேஜையில் படாரென்று ஒரு தட்டு தட்டினார்.

"ஜம்முனு இருக்கே கண்ணு! இப்ப ஊது விசிலை!"

ஊதினாள் பாருங்கள், வராந்தாவே ஓடி வந்துவிட்டது. டிரைவர் அப்பா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்லேயே பொண்ணுன்னு கேட்டிருந்தா அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பேனேம்மா!"

சிரிப்பும் கும்மாளமுமாக அவர்கள் கிளம்பிப் போனார்கள். நர்ஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"நூத்தெண்பத்தாறு மேடம்! இனிமே கட்டுரையை அனுப்பிடலாமா?"

டாக்டரம்மா மேஜை டிராயரைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"அது போன மாசமே அச்சாகி வந்துடுச்சே."

நர்ஸ் வாங்கிப் பிரித்தாள். விசில் சத்தம் கேட்டு வந்திருந்த பதிவேட்டு அறைக்காரரும் எட்டிப் பார்த்தார். 'வந்தவர்கள் 185. கண்டுபிடிக்க முடியாதவர் 1.' அதற்குக் கீழே: 'ஒன்பது பேருக்குத் தையல் போட்ட இடம் வளர்ந்த பிறகு மறுபடி குறுகியிருந்தது. அவர்களுக்கே அது தெரியவில்லை. சிகிச்சைக்குப் பின் ஒன்பது பேரும் நலம். இந்தத் தையல் முறையை இனி யாரும் பயன்படுத்த வேண்டாம்.'

"உங்க தையலையே நீங்க..." நர்ஸ் அந்த வரியை மறுபடி படித்தாள். "கட்டுரைதான் வந்துடுச்சே. அப்புறம் ஏன் மேடம் அந்தப் பொண்ணைத் தேடச் சொன்னீங்க?"

"கட்டுரைக்கு நூத்தெண்பத்தஞ்சு பேர் போதும்மா. நான் தையல் போட்டது நூத்தெண்பத்தாறு பேருக்கு."